ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு: நம் பிள்ளைகள் நடந்து வந்த பாதை

எல்லாப் புகழும் இறைவனுக்கே. நம் சங்கம் பொன்விழாக் காணும் இவ்வேளையில், கல்வியைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுப் பெரியவர்கள் எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். நாங்கள் ஆசிரியர்கள் அல்லர். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் பெற்றுவிட்டு, வாப்பா வழியில் வியாபாரத்துக்கு வந்தவர்கள். பகலில் கல்லாவில் கணக்குப் பார்ப்போம். இரவில் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்ப்போம். அந்த இரண்டாவது வேலையில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

இன்று நம் வீடுகளில் மூன்று தலைமுறையினர் ஒன்றாக உட்கார்ந்தால் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச ஒரு பொதுச்சொல் கிடைப்பதில்லை. பாட்டனார் ‘ஏழாம் வகுப்பு’ என்பார். வாப்பாவும் சாச்சாவும் ‘எக்ஸ்பிரஸ், நார்மல்’ என்பார்கள். நாங்கள் ‘இஎம்2, இஎம்3’ என்போம். பிள்ளைகளோ ‘ஏஎல், ஜி3’ என்கிறார்கள். ஒவ்வொரு சொல்லும் ஒரு காலத்துப் பாடத்திட்டத்தின், ஒரு காலத்துத் தேர்வின் பெயர். அவற்றை வரிசையாக அடுக்கினால் சிங்கப்பூரின் கல்வி வரலாறு கிடைக்கும். நம் சமூகத்தின் வரலாறும் அதற்குள்ளேயே இருக்கும்.

நான்கு மொழி, நான்கு உலகம்

போருக்கு முந்திய சிங்கப்பூரில் பள்ளிக்கூடம் என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு உலகங்கள் இருந்தன. ஆங்கிலப் பள்ளிகள் கேம்பிரிட்ஜ் தேர்வை நோக்கிப் பிள்ளைகளை நடத்தின. மலாய்த் தொடக்கப் பள்ளிகளைக் காலனி அரசாங்கம் இலவசமாக நடத்தியது. சீனப் பள்ளிகளைச் சீன வணிகர்களும் குலச் சங்கங்களும் தாங்கி நின்றார்கள். அவற்றின் பாடநூல்களும் ஆசிரியர்களும் பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்தவை. தமிழ்ப் பள்ளிகளோ கிறிஸ்துவ சபைகள், சிறு சங்கங்கள், தனி மனிதர்கள் ஆகியோரின் கையில் இருந்தன. அவற்றின் புத்தகங்கள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தன. காவிரி எங்கே உற்பத்தியாகிறது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத் தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் சிங்கப்பூர் ஆற்றைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லாத காலம் அது.

புத்தகம் எங்கிருந்து வந்தது என்பதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இந்த நான்கு வகைப் பள்ளிகளுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. தமிழ்ப் பள்ளியில் ஆறு ஆண்டு நன்றாகப் படித்த பிள்ளையும் ஆங்கிலப் பள்ளியில் ஆறு ஆண்டு சுமாராகப் படித்த பிள்ளையும் ஒரே வேலைக்குப் போய் நின்றால், முன்னவனின் படிப்பை எடைபோட ஒரு தராசு இல்லை. படி ஒரு கடையில் பெரிது, மறுகடையில் சிறிது என்றால் சந்தையில் நியாயம் எப்படி இருக்கும்? கல்வியில் அந்த நிலைமைதான் இருந்தது.

போர் முடிந்தபின் 1947இல் காலனி அரசாங்கம் கல்விக்கு ஒரு பத்தாண்டுத் திட்டத்தை ஏற்றது. எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் ஆறு ஆண்டு இலவசத் தொடக்கக் கல்வி என்பது அதன் கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் தமிழ்ப் பள்ளிக்கு இடமும் ஆசிரியரும் வேண்டுமே! அதை நம் மக்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தஞ்சோங் பகாரில் ஒரு பள்ளி

அந்தக் காலத்தில் நம் முன்னோர் செய்த காரியத்தை இந்த மலரில் பதிவு செய்யாமல் போனால் அது நன்றி மறந்த செயலாகும். தென்காசி, கடையநல்லூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் நிறைய இருந்தன. பெரும்பாலோர் கூலி வேலையும் சிறு வியாபாரமும் செய்தவர்கள். ஜப்பானியர் ஆட்சி முடிந்து ஓராண்டுகூட ஒழுங்காக மூச்சுவிடாத 1946இலேயே சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். ‘நாங்கள் முஸ்லிம்கள், எங்கள் மொழி தமிழ்’ என்ற இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிவிட்டார்கள்.

உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1960இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. சிங்கப்பூரில் தமிழ்வழியில் உயர்நிலைக் கல்வி தந்த ஒரே பள்ளி அதுதான். தொடக்கநிலையைத் தமிழில் முடித்த பிள்ளைகளுக்கு மேலே செல்ல ஒரு படி கிடைத்தது. அதைக் கட்டியவர்கள் பெரும் செல்வர்கள் அல்லர். நாள் கூலியில் ஒரு பங்கை ஒதுக்கிப் பள்ளி நடத்தும் மனம் அந்தத் தலைமுறைக்கு இருந்தது.

ஒரே பாடத்திட்டம் பிறந்த கதை

1950களின் நடுவில் சீனப் பள்ளி மாணவர்களின் போராட்டங்கள் நாட்டையே உலுக்கின. சிக்கலைத் தீர்க்க 1955இல் சட்டமன்றத்தின் எல்லாக் கட்சியினரும் அடங்கிய குழு அமைக்கப்பட்டது. 1956 பிப்ரவரியில் அதன் அறிக்கை வந்தது. சீனக் கல்வியை ஆராயத்தான் குழு அமைந்தது என்றாலும், அதன் பரிந்துரை எல்லோரையும் தொட்டது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிவழிப் பள்ளிகளையும் அரசாங்கம் சமமாக நடத்த வேண்டும். பாடநூல்கள் மலாயாவை மையமாகக் கொண்டு எழுதப்பட வேண்டும். பிள்ளைகள் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி கற்க வேண்டும் என்று குழு சொன்னது. 1957இல் கல்விச் சட்டம் வந்தது.

1959இல் சுயாட்சி கிடைத்து, யோங் நியுக் லின் கல்வி அமைச்சரானார். அதன்பின் வேலை வேகம் பிடித்தது. நான்கு மொழிப் பள்ளிகளுக்கும் பொதுவான பாடத்திட்டங்கள் வகுக்கப்பட்டன. எந்த மொழியில் படித்தாலும் கணிதத்தில் இன்ன வகுப்பில் இன்ன பாடம், அறிவியலில் இன்ன பாடம் என்று வரையறை வந்தது. கணிதம், அறிவியல், தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கு முதன்மை தரப்பட்டது. தொழிற்சாலைகளை நம்பிப் பிழைக்கப்போகும் நாடு என்பதால் அந்தத் தேர்வு இயல்பானதே.

1960இல் தொடக்கப் பள்ளி இறுதியாண்டுத் தேர்வு, அதாவது நாம் எல்லோரும் ‘பிஎஸ்எல்இ’ என்று சொல்லும் தேர்வு, முதன்முறையாக நடந்தது. அதற்கு முன் இருந்த உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது. இப்போது நான்கு மொழிகளிலும் ஒரே தேர்வு. 30,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதினார்கள். அவர்களில் தமிழ்வழிப் பிள்ளைகள் கடலில் ஒரு துளி. ஆனால் அந்தத் துளிக்கும் அரசாங்கம் தமிழில் வினாத்தாள் அச்சிட்டது. தஞ்சோங் பகார் கடைவீட்டில் வளர்ந்த பிள்ளைக்கும் புக்கிட் தீமா பங்களாவில் வளர்ந்த பிள்ளைக்கும் ஒரே அளவுகோல் என்ற நிலை அன்றுதான் உருவானது. வியாபாரிகளான எங்களுக்கு இதன் அருமை நன்றாகவே தெரியும். சந்தையில் முத்திரையிட்ட தராசு வந்த நாள், சிறு வியாபாரி தலைநிமிர்ந்த நாள்.

அதே ஆண்டுகளில் இன்னொரு விதையும் ஊன்றப்பட்டது. 1960இல் தொடக்கப் பள்ளிகளிலும் 1966இல் உயர்நிலைப் பள்ளிகளிலும் இரண்டாம் மொழி கட்டாயமானது. இன்று நம் பிள்ளைகள் பள்ளியில் தமிழ் படிப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது.

தராசு வந்தது, பள்ளி குறைந்தது

பொதுப் பாடத்திட்டம் சமத்துவத்தைக் கொடுத்தது. அதற்கு நாம் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும்.

எல்லா மொழியிலும் ஒரே பாடம், ஒரே தேர்வு என்றான பின் பெற்றோர் மனத்தில் எழுந்த கேள்வி மிக எளியது. ‘பாடம் ஒன்றுதான் என்றால், வேலை கிடைக்கும் மொழியிலேயே படிக்கட்டுமே?’ துறைமுகத்திலும் அலுவலகத்திலும் புதிய தொழிற்சாலைகளிலும் ஆங்கிலம் கேட்டார்கள். மேற்படிப்பும் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ்வழிப் பள்ளிகளில் படித்தவர்கள் நாட்டின் மொத்த மாணவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்தச் சிறு எண்ணிக்கையும் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. மலாய்வழி, சீனவழிப் பள்ளிகளும் இதே பாதையில்தான் போயின. யாரும் பூட்டுப் போடவில்லை. பெற்றோரே பிள்ளைகளை வேறு பள்ளிக்குக் கைபிடித்து அழைத்துச் சென்றார்கள். நம் குடும்பங்களும் அப்படித்தான் செய்தன. அன்றைய நிலையில் அவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர்கள் அப்படிச் செய்ததால்தான் இன்று நாம் இந்த நிலையில் இருக்கிறோம்.

1982இல் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டது. சிங்கப்பூரில் தமிழ்வழிக் கல்வி அத்துடன் முடிவுக்கு வந்தது. பாடத்திட்டம் நன்றாக இருந்தது, தேர்வு நேர்மையாக இருந்தது, ஆனால் வகுப்பறையில் பிள்ளைகள் இல்லை.

1979 அறிக்கையும் தரம்பிரித்தலும்

நம் சங்கம் தோன்றிய 1970களின் நடுப்பகுதியில் இன்னொரு சிக்கல் தலைதூக்கியிருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே வேகம். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாதவர்கள் உதிர்ந்தார்கள். துணைப் பிரதமராக இருந்த கோ கெங் சுவீ தலைமையில் 1978இல் ஒரு குழு இதை ஆராய்ந்தது. 1979இல் வந்த அந்த அறிக்கை சொன்ன எண்கள் பலரைத் திடுக்கிட வைத்தன. தொடக்கநிலையில் 29 விழுக்காடும் உயர்நிலையில் 36 விழுக்காடும் பிள்ளைகள் கல்வியைவிட்டு உதிர்ந்துகொண்டிருந்தார்கள். 85 விழுக்காட்டுப் பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலமோ மாண்டரினோ பேசாதவர்கள். வீட்டில் இல்லாத இரண்டு மொழிகளைப் பள்ளியில் சேர்த்துப் படிக்கச் சொன்னால் பாதிப்பேர் தடுமாறுவதில் வியப்பென்ன?

அந்த அறிக்கையிலிருந்து புதிய கல்விமுறை பிறந்தது. தொடக்கநிலை 3 முடிவில் பிள்ளைகளைத் தரம்பிரித்தார்கள். ஒரு பிரிவினர் ஆறு ஆண்டுகளில் தொடக்கநிலையை முடிப்பார்கள். ஒரு பிரிவினருக்கு எட்டு ஆண்டுகள் வரை அவகாசம். இன்னொரு பிரிவினர் ஒரு மொழி மட்டும் கற்றுத் தொழிற்பயிற்சிக்குப் போவார்கள். உயர்நிலையில் சிறப்புநிலை, விரைவுநிலை, வழக்கநிலை என்று மூன்று பாதைகள். 1980இல் சிங்கப்பூர்ப் பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகம் அமைந்து, இந்தப் பாதைகளுக்கேற்ற பாடநூல்கள் இங்கேயே எழுதப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் தரம்பிரித்தல் தொடக்கநிலை 4 முடிவுக்குத் தள்ளிப்போனது. இஎம்1, இஎம்2, இஎம்3 என்ற பெயர்கள் வந்தன. 1994இல் வழக்கநிலையும் ஏட்டுக்கல்வி, தொழில்நுட்பம் என்று இரண்டாகப் பிரிந்தது.

நன்மை நடந்தது என்பதை மறுக்க முடியாது. பள்ளியைவிட்டு உதிர்ந்த பிள்ளைகளின் தொகை வெகுவாகக் குறைந்தது. வழக்கநிலையில் படித்து, தொழில்நுட்பக் கல்விக் கழகம் வழியாகவோ பலதுறைத் தொழிற்கல்லூரி வழியாகவோ வந்து நல்ல நிலையில் இருப்பவர்கள் நம் உறுப்பினர் குடும்பங்களிலேயே பலர் உண்டு. ஆனால் பத்து வயதில் ஒட்டிய சீட்டு எளிதில் கிழிவதில்லை. எங்கள் தலைமுறைக்கு இது நன்றாகத் தெரியும். இடைவேளையில் பந்து விளையாடும்போது ‘நீ இஎம்3தானே’ என்று ஒருவன் சொன்னால் போதும், மற்றவன் வாய் அடைந்துவிடும். பெருநாள் அன்று உறவினர் வீட்டுக்குப் போனால் ‘பையன் எந்த ஸ்ட்ரீம்?’ என்று கேட்டுவிட்டுத்தான் பெருநாள் காசையே கையில் கொடுப்பார்கள். பிள்ளையின் பெயருக்கு முன்னால் அவன் தரம் வந்து நின்றது.

பள்ளி போனது, பாடம் நின்றது

1983 இறுதியில் அரசாங்கம் இன்னொரு முடிவை அறிவித்தது. 1987க்குள் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலத்தை முதல் மொழியாகவும் தாய்மொழியை இரண்டாம் மொழியாகவும் கொண்ட ஒரே தேசிய முறைக்கு வரும் என்பதே அது. நான்கு உலகங்கள் ஒன்றாயின.

அதே 1983இல் உமறுப் புலவரின் பெயர் மீண்டும் எழுந்தது. தம் பள்ளியில் தமிழ் படிக்க வழியில்லாத மாணவர்கள் வந்து படிக்க உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் ஏற்பட்டது. இன்று பீட்டி சாலையில் இருக்கும் அந்த நிலையத்துக்குப் பல பள்ளிகளிலிருந்தும் மாணவர்கள் பள்ளி முடிந்தபின் வருகிறார்கள். தஞ்சோங் பகார்த் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியின் பெயர், இன்று எல்லாச் சமயத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் தமிழ் சொல்லித்தரும் இடத்தின் பெயராகியிருக்கிறது. இதைவிட நமக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

இங்கே கூர்ந்து நோக்க வேண்டிய ஒன்று உண்டு. தமிழ்ப் பள்ளி மூடிய பிறகும் தமிழ் தப்பிப் பிழைத்ததற்குத் தேர்வு ஒரு பெருங்காரணம். பிஎஸ்எல்இயில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி என நான்கு பாடங்கள். மொத்தப் புள்ளியில் கணிதத்துக்கு உள்ள இடம் தமிழுக்கும் உண்டு. ‘தமிழ் படித்து என்ன ஆகப்போகிறது?’ என்று கேட்ட வீட்டிலும், மதிப்பெண்ணுக்காகவாவது தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தார்கள்.

கடலுக்கப்பால் ஜொகூரில் நம் உறவினர் கண்டது வேறு பாதை. அங்கும் 1956இல் ரசாக் அறிக்கை வந்தது. எல்லாப் பள்ளிக்கும் பொதுவான பாடத்திட்டம் என்றது. ஆனால் தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் தேசிய முறைக்குள்ளேயே தமிழ்வழியாகத் தொடர்ந்தன. இன்றும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் அங்கே இயங்குகின்றன. 1988இல் தொடங்கிய யுபிஎஸ்ஆர் தேர்வை 2021இல் அவர்கள் அகற்றிவிட்டார்கள். நம்மிடம் தமிழ்ப் பள்ளி இல்லை, தேர்வு இருக்கிறது. அவர்களிடம் தமிழ்ப் பள்ளி இருக்கிறது, அந்தத் தேர்வு இல்லை.

தமிழா மலாயா, சிண்டாவா மெண்டாக்கியா

நம் சமூகத்துக்கே உரிய ஒரு குழப்பத்தையும் இங்கே பதிவு செய்கிறோம். பள்ளியில் தாய்மொழிப் பாடம் என்று வந்தபோது, நம் குடும்பங்களில் சில தமிழைத் தேர்ந்தன, சில மலாயைத் தேர்ந்தன. பள்ளிவாசல் வகுப்பு மலாயில் நடக்கிறது, அக்கம்பக்கத்தில் மலாய் பேசுகிறார்கள், அருகிலுள்ள பள்ளியில் தமிழாசிரியர் இல்லை என்று காரணங்கள் இருந்தன. ஒரே வீட்டில் மூத்தவள் தமிழும் இளையவன் மலாயும் படித்த கதை உண்டு. உதவி தேடும்போதும் இதே கேள்விதான். முஸ்லிம் பிள்ளைகளுக்காக 1982இல் மெண்டாக்கி அமைந்தது. இந்தியப் பிள்ளைகளுக்காக 1991இல் சிண்டா அமைந்தது. நாம் இரண்டுக்கும் உரியவர்கள். ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் நின்ற குடும்பங்கள் பல. அந்த இடைவெளியில் வழிகாட்டியாக நின்றவை நம் சங்கம் போன்ற சமூக அமைப்புகள்தாம்.

சமயக் கல்வியும் பாடத்திட்டத்துக்குள் ஒருமுறை வந்துபோனது. 1984 முதல் உயர்நிலை 3, 4 மாணவர்களுக்குச் சமய அறிவுப் பாடம் கட்டாயமானது. அதில் இஸ்லாமிய சமய அறிவும் ஒரு தெரிவு. சில ஆண்டுகளிலேயே கட்டாயம் நீக்கப்பட்டது. சமயம் சார்ந்த கல்வி மறுபடியும் வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் திரும்பியது.

மதரஸாக்களும் பிறகு இதே தராசில் ஏறின. 2000இல் நிறைவேறிய கட்டாயக் கல்விச் சட்டம் 2003 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. முழுநேர மதரஸாப் பிள்ளைகளுக்கு அதிலிருந்து விலக்கு கிடைத்தது. ஆனால் 2008 முதல் அவர்களும் பிஎஸ்எல்இ எழுத வேண்டும், மதரஸாக்கள் குறிப்பிட்ட தரத்தை எட்ட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். நம் சமூகத்தில் அன்று கவலை இருந்தது. மதரஸாவின் தன்மையே மாறிவிடுமோ என்ற அச்சமும் இருந்தது. மதரஸாக்கள் தேர்வையும் எதிர்கொண்டன, குர்ஆனையும் அரபு மொழியையும் விடாமல் காத்தன. அளவுகோலுக்கு அஞ்சி ஒதுங்காமல், தமக்குரியதையும் விட்டுக்கொடுக்காமல் நின்றது நமக்கு நல்ல பாடம்.

டி ஸ்கோரிலிருந்து அடைவுநிலைக்கு

இனி மதிப்பெண் கணக்குக்கு வருவோம். வீட்டுப் பெரியவர்களுக்கு இன்று மிகவும் குழப்பமாக இருப்பது இதுதான்.

எங்கள் காலத்தில் பிஎஸ்எல்இ முடிவு ‘டி ஸ்கோர்’ என்ற கணக்கில் வந்தது. பிள்ளை வாங்கிய மதிப்பெண்ணை அப்படியே எடுக்காமல், அந்த ஆண்டு எல்லாப் பிள்ளைகளும் வாங்கிய சராசரியோடு ஒப்பிட்டார்கள். எடுத்துக்காட்டாக, ஒரு பிள்ளை கணிதத்தில் 80 வாங்குகிறது. சராசரி 70, மதிப்பெண்களின் பரவல் 10 என்றால் அதற்கு டி ஸ்கோர் 60. அதே 80ஐ, சராசரி 60ஆக இருக்கும் ஆண்டில் வாங்கினால் டி ஸ்கோர் 70. பிள்ளையின் உழைப்பு ஒன்றுதான். மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு ஏறும், இறங்கும். கடைக்காரர் மொழியில் சொன்னால் அது சந்தை விலை. உங்கள் அரிசி அதே அரிசிதான். விலையை மட்டும் மற்றவர் சரக்கு நிர்ணயிக்கும். நான்கு பாடங்களையும் கூட்டி 231, 232 என்று ஓர் எண் வரும். ஒரு புள்ளியில் பள்ளி தவறிப்போய் அழுத பிள்ளைகள் உண்டு.

2021 முதல் கணக்கு மாறியது. இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை. 90ம் அதற்கு மேலும் வாங்கினால் 1. 85 முதல் 89 வரை 2. 80 முதல் 84 வரை 3. 75 முதல் 79 வரை 4. 65 முதல் 74 வரை 5. 45 முதல் 64 வரை 6. 20 முதல் 44 வரை 7. அதற்குக் கீழே 8. நான்கு பாடங்களையும் கூட்டினால் மிகச் சிறந்தது 4, கடைசி 32. குறைந்த எண்தான் நல்ல எண். தமிழில் 91, கணிதத்தில் 82, அறிவியலில் 76, ஆங்கிலத்தில் 70 வாங்கிய பிள்ளைக்கு 1, 3, 4, 5 சேர்த்து 13. இது சந்தை விலை இல்லை, எடை. பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை கிலோ என்பது உங்கள் பிள்ளையின் எடையை மாற்றாது. ஆகவே பேரனின் முடிவைக் கேட்டுப் ‘பதின்மூன்றுதானா?’ என்று முகம் சுளிக்க வேண்டாம் என்று பாட்டனார்களைக் கேட்டுக்கொள்கிறோம்!

மற்ற மாற்றங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2008இல் இஎம் பிரிவுகள் போய், பாடம் பாடமாகத் தரம் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. 2012 முதல் பிஎஸ்எல்இயில் முதலிடம் பெற்றவர்களின் பெயரைக் கல்வி அமைச்சு வெளியிடுவதில்லை. தொடக்கநிலை 1, 2 பிள்ளைகளுக்கு இப்போது தேர்வே கிடையாது. அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் எல்லா வகுப்புகளிலும் நீங்கிவிட்டன. 2024இல் உயர்நிலை 1இல் சேர்ந்த பிள்ளைகளுக்கு விரைவுநிலை, வழக்கநிலை என்ற பெயர்களே இல்லை. ஒரே வகுப்பில் உட்கார்ந்து, கணிதத்தை ஜி3 நிலையிலும் ஆங்கிலத்தை ஜி2 நிலையிலும் படிக்கலாம். 2027இல் அவர்கள் எல்லோரும் ஒரே பொதுச் சான்றிதழ்த் தேர்வை எழுதுவார்கள். வெவ்வேறு உலகங்களாகக் கிடந்த பள்ளிகள் 1960இல் ஒரு தேர்வுக்குள் வந்தன. பிரிந்துபோன பாதைகள் 2027இல் மறுபடியும் ஒரு சான்றிதழுக்குள் வருகின்றன. இடைப்பட்ட காலத்தில் கிடைத்த பாடம், ஒரே அளவுகோல் வேண்டும், ஆனால் எல்லோரையும் ஒரே வேகத்தில் ஓடச் சொல்லக்கூடாது என்பதுதான்.

இனி நம் வேலை என்ன?

இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்க்கும்போது எங்களுக்கு ஒன்று தெளிவாகிறது. பாடத்திட்டத்தை அரசாங்கம் தரும். தேர்வையும் அது நேர்மையாக நடத்தும். ஆனால் அந்தப் பாடம் பிள்ளையின் மனத்துக்குள் இறங்க வீடும் சமூகமும் உழைக்க வேண்டும். 1946இல் பள்ளி தேவைப்பட்டது, நம் முன்னோர் பள்ளி கட்டினார்கள். பிறகு பாடப் போதனையும் உதவித்தொகையும் தேவைப்பட்டன, நம் சங்கத்தார் முன்வந்தார்கள். இன்றைய தேவை என்ன?

எங்கள் பணிவான கருத்துகளைப் பெரியவர்கள் முன் வைக்கிறோம். முதலாவது, கல்விப் பரிசளிப்பு. அமைச்சே முதலிடம் சொல்வதை நிறுத்திப் பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. மிகச் சிறந்த புள்ளி எடுத்தவர்களை மட்டும் மேடைக்கு அழைக்கும் பழக்கத்தைச் சமூக அமைப்புகளான நாம் இன்னும் ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? முதலிடம் பெற்றவரைப் பாராட்டுவோம். ஜி1 நிலையிலிருந்து ஒரு பாடத்தில் ஜி2க்கு ஏறிய பிள்ளையையும் அதே மேடையில் பாராட்டுவோம். வீட்டுப் பொறுப்பையும் தாங்கிக்கொண்டு தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படிப்பை முடித்த பிள்ளைக்கும் ஒரு பொன்னாடை போடுவோம். அவர்களின் உம்மா, வாப்பா கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது, தமிழ். தேர்வு தமிழைக் காப்பாற்றியது என்று மேலே சொன்னோம். ஆனால் தேர்வு ஒன்றையே நம்பினால், தேர்வு முடிந்த மறுநாள் தமிழும் முடிந்துவிடும். இன்றைய தமிழ் வாய்மொழித் தேர்வில் பிள்ளை ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுத் தன் கருத்தைத் தமிழில் பேச வேண்டும். அந்தப் பேச்சைத் துணைப்பாட வகுப்பில் மனப்பாடம் செய்ய முடியாது. சோறு சாப்பிடும்போது உம்மாவோடும், கடைக்கு வரும்போது வாப்பாவோடும், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நடக்கும்போது அப்பாவின் அப்பாவோடும் பேசிப் பழக வேண்டும். தமிழ்வழிப் பள்ளிகளின் வகுப்பறை ஒருநாளில் காலியாகவில்லை. ஒவ்வொரு வீடாக முடிவெடுத்து, ஒவ்வொரு பிள்ளையாகக் குறைந்துதான் காலியானது. இன்று காலியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய வகுப்பறை நம் வீட்டுக் கூடம்.

மூன்றாவது, விளக்கம். ஆண்டுதோறும் தொடக்கநிலை 6 பெற்றோருக்கு, அடைவுநிலை, ஜி நிலை, பள்ளித் தெரிவு ஆகியவற்றைத் தமிழில் விளக்கும் ஒரு கூட்டத்தைச் சங்கம் நடத்த வேண்டும். சிண்டா, மெண்டாக்கி உதவிகளுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்றும் அங்கேயே சொல்லித்தரலாம். எங்களைப் போன்ற இளைய உறுப்பினர்கள் முன்னின்று செய்யத் தயாராக இருக்கிறோம். இதற்குப் பெரிய செலவு இல்லை. நாற்காலியும் தேநீரும் மனமும் போதும்.

நாள் கூலியில் மிச்சம்பிடித்துப் பள்ளி நடத்தியவர்களின் வழித்தோன்றல்கள் நாம். அவர்களுக்கு இருந்த இடையூறுகளில் பாதிகூட நமக்கு இல்லை. அவர்களுக்கு இருந்த அக்கறையில் குறைவு வராமல் பார்த்துக்கொள்வோம். நம் சங்கம் நூற்றாண்டு விழாக் காணும்போது மலர்க்குழுவில் இருக்கப்போகும் பிள்ளைகள் இன்று தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மலரையும் அவர்கள் தமிழில் எழுத வல்ல இறைவன் அருள்புரிவானாக. ஆமீன்.